உஷார்! 'ஸ்டெப்' போடும் இடத்தில் சிஸ்டம் கால் இருக்கிறதா?

பல த்ரெட்கள் ஓடும் புரோகிராம் ஒன்றை ஜிடிபி டீபக்கரில் நிறுத்திவைத்து, ஒவ்வொரு அடியாக நகர்த்திக்கொண்டிருக்கிறீர்களா? அடுத்த கட்டளை ஒரு சிஸ்டம் கால் என்றால், எண்டர் தட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அந்த ஒரு அடியில் புதிதாகப் பிறந்த த்ரெட் செத்துப்போகலாம், டீபக்கர் பதில் சொல்லாமல் உறைந்துபோகலாம், எங்கோ அமைதியாகக் காத்திருந்த வேறொரு த்ரெட்டுக்கு வரக்கூடாத பிழை எண் வந்து சேரலாம். இவை எதுவும் உங்கள் கோடில் உள்ள தவறு அல்ல. ஆனால் நாள் முழுக்க உங்கள் கோடில்தான் தேடுவீர்கள். அதனால்தான் இந்த எச்சரிக்கை.

டீபக்கர் பார்க்க மட்டும் செய்யும், எதையும் மாற்றாது என்ற நம்பிக்கை நம்மில் பலருக்கு இருக்கிறது. அதை முதலில் விட்டுவிடுங்கள். எக்ஸ்86 பிராசசரில் பிரேக்பாயிண்ட் வைத்தால், அந்த இடத்துக் கட்டளையின் முதல் பைட்டை அழித்துவிட்டு ஹெக்ஸ் சிசி என்ற ஒற்றை பைட்டை ஜிடிபி எழுதுகிறது. புரோகிராம் அதில் மோதி நிற்கிறது. நீங்கள் 'கன்டினியூ' அல்லது 'ஸ்டெப்ஐ' கொடுத்ததும் மறைந்துகிடக்கும் அசல் கட்டளையை ஓட்டியாக வேண்டும், பிரேக்பாயிண்டும் போய்விடக்கூடாது. இதற்கு ஜிடிபியிடம் இரண்டு வழிகள்தான் உண்டு.

முதல் வழி நேரடியானது. மற்ற எல்லா த்ரெட்களையும் நிறுத்திவிட்டு, பிரேக்பாயிண்டை எடுத்து, இந்த ஒரு த்ரெட்டை மட்டும் ஓர் அடி நகர்த்தி, திரும்ப பிரேக்பாயிண்டைப் போடுவது. மற்றவற்றை நிறுத்தாவிட்டால், பிரேக்பாயிண்ட் இல்லாத அந்தக் கணத்தில் வேறொரு த்ரெட் அதைத் தாண்டி ஓடிவிடும். இரண்டாவது வழிக்கு 'டிஸ்ப்ளேஸ்டு ஸ்டெப்பிங்' என்று பெயர். அசல் கட்டளையை வேறொரு இடத்தில் நகலெடுத்து, த்ரெட்டை அங்கே அனுப்பி ஓட்டிவிட்டு, பிறகு முகவரியைச் சரிசெய்து பழைய பாதையில் கொண்டுவந்து விடுவது. லினக்ஸில் அந்த நகலிடம் பெரும்பாலும் புரோகிராமின் தொடக்கப் புள்ளியான '_ஸ்டார்ட்' பகுதி. மெயின் ஓடத் தொடங்கிவிட்டால் அந்த இடம் யாருக்கும் தேவைப்படாது என்பதால் அதைக் கடனாக எடுத்துக்கொள்கிறது. நீங்களாக எதையும் ஆன் செய்ய வேண்டியதில்லை. இந்த அமைப்பு 'ஆட்டோ' நிலையில் இருப்பதுதான் வழக்கம், எந்த வழியில் போவது என்று ஜிடிபியே தேர்ந்தெடுத்துவிடும்.

கூட்டல், கழித்தல், மெமரியிலிருந்து எடுத்தல் போன்ற கட்டளைகளுக்கு இரண்டு வழிகளுமே சரியாக வேலை செய்யும். ஒரு கட்டளை ஓடினால், ஓட்டிய த்ரெட் அதற்கடுத்த கட்டளையில் ஒரே ஒருமுறை வந்து நிற்கும் என்ற கணக்கில்தான் இரண்டும் நிற்கின்றன. சிஸ்டம் கால் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. உள்ளே போவது ஒருவர், வெளியே வருவது இருவராக இருக்கலாம். யாருமே வராமலும் போகலாம். நடுவில் சிக்னல் வந்து, ஓடிய கட்டளையையே கெர்னல் மறுபடி ஓடவைக்கலாம். சிக்னல் ஹேண்ட்லர் முடிந்து திரும்பும் 'சிக்ரிட்டர்ன்' சம்பந்தமே இல்லாத வேறொரு முகவரிக்குப் போய்விடும்.

இவற்றில் மிக ஆபத்தானது க்ளோன். பிதிரெட்_கிரியேட் என்று நீங்கள் எழுதுவது கடைசியில் இந்த சிஸ்டம் காலில்தான் போய் முடிகிறது. கெர்னல் புது த்ரெட்டை உருவாக்கும்போது, பெற்ற த்ரெட் எந்த முகவரிக்குத் திரும்புமோ அதே முகவரியைக் குழந்தைக்கும் கொடுக்கிறது. இப்போது அந்த சிஸ்கால் கட்டளை மேலேயே பிரேக்பாயிண்ட் இருந்து, ஜிடிபி அதை நகலிடத்தில் ஓட்டினால் என்ன ஆகும்? இரண்டுமே நகலிடத்தில்தான் கண் விழிக்கும். பெற்ற த்ரெட்டை ஜிடிபி அழைத்துப் போய் சரியான இடத்தில் விட்டுவிடும். குழந்தையை யார் அழைத்துப் போவது? பழைய ஜிடிபியில் புது த்ரெட்டின் வரவை அடிமட்டத்தில் உள்ள லினக்ஸ் பகுதி தானே கவனித்து, தானே ஓடவிட்டுவிடும். ஸ்டெப்பிங்கைப் பார்த்துக்கொள்ளும் மேல்மட்டத்துக்கு அது தெரியவே தெரியாது. குழந்தை '_ஸ்டார்ட்' பகுதிக்குள் ஏதோ ஒரு பைட்டிலிருந்து ஓடத் தொடங்கும். விளைவு சிக்செக்வி அல்லது வேறு ஏதாவது சிக்னல், அதோடு மொத்த புரோகிராமும் காலி. பேக்ட்ரேஸ் எடுத்துப் பார்த்தால் நீங்கள் எழுதிய ஃபங்ஷன் ஒன்றுகூட அதில் இருக்காது. ஸ்டாக் கெட்டுவிட்டது, எங்கோ மெமரியை மிதித்துவிட்டோம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

சரி, டிஸ்ப்ளேஸ்டு ஸ்டெப்பிங்கை ஆஃப் செய்துவிட்டால் தப்பித்துவிடலாமா? அதுவும் இல்லை. நேரடி வழியில் பிரேக்பாயிண்டுகளை எடுத்துவைத்திருக்கும் அந்த நொடியில்தான் குழந்தை பிறக்கிறது. பழைய பதிப்புகள் அதை உடனே ஓடவிட்டதால், நீங்கள் ஆசையாக வைத்த பிரேக்பாயிண்டைத் தொடாமலே அது கடந்துபோகும். இங்கே எதுவும் விழாது, எந்தச் செய்தியும் வராது. 'இந்த ஃபங்ஷன் ஓடவே இல்லை' என்ற தவறான முடிவுக்கு நீங்கள் வந்துவிடுவீர்கள். கிராஷ் ஆவதைவிட இதைத்தான் நான் மோசம் என்பேன். கிராஷ் கண்ணுக்குத் தெரியும். இது பொய்யை உண்மைபோலச் சொல்லிவிட்டுப் போகிறது.

ஃபோர்க்கில் இருந்த இதே சிக்கலை ஜிடிபி குழு முன்பே கவனித்துத் தீர்த்திருந்தது. க்ளோனுக்கான முழுமையான தீர்வு மூல ஜிடிபியில் சேர்ந்தது 2023 நவம்பரில்தான். உபுண்டு 22.04-உடன் வந்தது ஜிடிபி 12, டெபியன் 12-உடன் வந்தது 13.1. இரண்டுமே அந்தத் தீர்வுக்கு முந்தியவை. உங்கள் அலுவலக மெஷினில் எது இருக்கிறது? 'ஜிடிபி --வெர்ஷன்' தட்டிப் பார்க்கச் சில நொடிகள் போதும். இப்போதே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது எக்ஸிட். ஒரு த்ரெட் தன் வேலையை முடித்து எக்ஸிட் சிஸ்டம் காலுக்குள் நுழைகிறது. அந்தக் கட்டளையில் பிரேக்பாயிண்ட் இருந்தால், நேரடி வழியில் அதைத் தாண்டவைக்க மற்ற த்ரெட்களையெல்லாம் ஜிடிபி நிறுத்திவிடும். பிறகு இந்த த்ரெட் ஓர் அடி வைத்துவிட்டதாகச் செய்தி வரட்டும் என்று காத்திருக்கும். போன த்ரெட் திரும்பாது. 'நோ அன்வெயிட்டட்-ஃபார் சில்ட்ரன் லெஃப்ட்' என்ற விசித்திரமான வரியோடு சிலநேரம் பிராம்ப்ட் திரும்பும். சிலநேரம் அதுவும் கிடையாது, அப்படியே தொங்கிவிடும். நகலிட வழியில் இன்னொரு வம்பு உண்டு. செத்துப்போன த்ரெட்டின் பெயரிலேயே நகலிடம் பூட்டப்பட்டு நின்றால், தங்கள் முறைக்குக் காத்திருக்கும் த்ரெட்கள் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இதையும் அதே 2023 மாற்றங்களில்தான் சரிசெய்தார்கள். வேறொரு மெஷினில் புரோகிராமை ஓட்டித்தரும் ஜிடிபிசர்வரோடு ஜிடிபி பேசும் முறையிலேயே 'க்யூத்ரெட்ஆப்ஷன்ஸ்' என்ற புதிய செய்தியைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஒரு த்ரெட் க்ளோன் செய்தாலோ இறந்தாலோ எனக்குச் சொல் என்று ஜிடிபி முன்கூட்டியே கேட்டு வைக்கும் ஏற்பாடு அது. ஆகவே உங்கள் ஜிடிபி புதிதாக இருந்தால் மட்டும் போதாது. மறுமுனையில், போர்டில் உட்கார்ந்திருக்கும் ஜிடிபிசர்வர் எந்தக் காலத்தது என்பதையும் பாருங்கள். எம்பெடட் வேலை செய்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

விஃபோர்க்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'நான் விஃபோர்க் எழுதியதே இல்லையே' என்பீர்கள். நீங்கள் எழுதாவிட்டாலும் போசிக்ஸ்_ஸ்பான் எழுதியிருப்பீர்கள், 'சிஸ்டம்' ஃபங்ஷன் எழுதியிருப்பீர்கள். 2016-ல் வந்த சி லைப்ரரி ஜிலிப்சி 2.24 முதல் போசிக்ஸ்_ஸ்பானுக்குள் இருப்பது, பெற்றோரின் மெமரியைப் பகிர்ந்துகொள்ளும் விஃபோர்க் வகைக் க்ளோன்தான். குழந்தை எக்ஸெக் செய்யும்வரை, கூப்பிட்ட த்ரெட் மட்டும் உறங்கும். மற்ற த்ரெட்கள் ஓடிக்கொண்டே இருக்கும். மெமரி ஒன்றே என்பதால், பிரேக்பாயிண்டுகளை விட்டுவைத்தால் டீபக்கரின் பிடியில் இல்லாத குழந்தை அதில் மோதிச் சாகும். எடுத்துவிட்டால் மற்ற த்ரெட்கள் அவற்றைத் தவறவிடும். இந்த இடைவெளியில் உங்கள் பிரேக்பாயிண்ட் அடிபடவில்லை என்பதை எதற்கும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதுவரை சொன்னவை சிஸ்டம் கால் மேலேயே பிரேக்பாயிண்ட் வைப்பவர்களுக்கு. இனி சொல்வது, ஒரு த்ரெட்டுக்கு மேல் வைத்திருக்கும் எல்லோருக்கும்.

ஒரு த்ரெட் பிரேக்பாயிண்டில் நின்றதும் மற்றவற்றையும் ஜிடிபி சிக்ஸ்டாப் அனுப்பித்தான் நிறுத்துகிறது. அந்த நேரத்தில் அவற்றில் ஒன்று கெர்னலுக்குள் எதற்காகவோ காத்திருந்தால், அந்தக் காத்திருப்பு கலையும். ரீட் போன்ற பல கால்களைக் கெர்னல் தானாகவே மறுபடி தொடங்கிவிடும், புரோகிராமுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் ஈபோல்_வெயிட் அப்படி இல்லை. செம்ஆப் அப்படி இல்லை. சிக்டைம்டுவெயிட் அப்படி இல்லை. இவை மைனஸ் ஒன்றைத் திருப்பி, எர்நோவில் ஈஇன்டர் என்ற பிழையை வைத்துவிடும். நீங்கள் சிக்னல் ஹேண்ட்லரே எழுதவில்லை என்றாலும் இது நடக்கும். லினக்ஸின் சிக்னல் மேனுவல் பக்கமே இந்தக் கால்களைப் பட்டியல் போட்டுச் சொல்கிறது. ஜிடிபியின் கையேட்டிலும் இதற்கென்றே ஒரு பகுதி உண்டு. ஒரு த்ரெட் நின்றால், சிஸ்டம் காலில் காத்திருக்கும் இன்னொன்று முன்கூட்டியே திரும்பிவிடக்கூடும் என்று வெளிப்படையாக எச்சரித்து, திரும்பும் மதிப்பைப் பார்த்து மீண்டும் அழையுங்கள் என்கிறது.

நம் கோடில் என்ன எழுதிவைத்திருக்கிறோம்? ஈபோல்_வெயிட் மைனஸ் ஒன்று தந்தால் பெர்ரர் அடித்துவிட்டு எக்ஸிட். எத்தனை சர்வர்களில் இந்த மூன்று வரிகள் இருக்கின்றன! டீபக்கர் இல்லாமல் அழகாக ஓடும். டீபக்கரைக் கோத்துவிட்டு வேறு ஏதோ த்ரெட்டில் ஓர் அடி வைத்தால், நெட்வொர்க் த்ரெட் 'இன்டரப்டெட் சிஸ்டம் கால்' என்று கத்திவிட்டு மொத்தத்தையும் மூடிவிடும். ஈஇன்டர் வந்தால் சுற்றின் தொடக்கத்துக்குப் போ என்ற ஒரே ஒரு நிபந்தனையை இன்றைக்கே சேருங்கள். காத்திருப்புக்குக் காலக்கெடு இருந்தால், மீதி நேரத்தைக் கணக்கிட்டுக் கொடுங்கள். பழைய முழு நேரத்தையே மறுபடி கொடுத்தால், டைம்அவுட் ஒருபோதும் தீராமல் நீண்டுகொண்டே போகலாம்.

இதற்கு நேர் எதிரான பொறி ஒன்றும் இருக்கிறது. மற்ற த்ரெட்கள் தொல்லை தராமல் இருக்கட்டும் என்று ஷெட்யூலர்-லாக்கிங்கை ஆன் செய்வோம். அதோடு பிதிரெட்_ஜாயின் மேலோ, வேறொரு த்ரெட் பிடித்திருக்கும் மியூடெக்ஸ் மேலோ 'நெக்ஸ்ட்' போட்டால், நம் த்ரெட் ஃப்யூடெக்ஸ் காலுக்குள் போய் உறங்கும். அதை எழுப்ப வேண்டிய த்ரெட் நீங்களே பூட்டிவைத்த த்ரெட். இது உண்மையான டெட்லாக் அல்ல, உங்கள் அமைப்பால் உருவானது. கன்ட்ரோல்-சி அடித்து, லாக்கிங்கை ஆஃப் செய்து, 'கன்டினியூ' கொடுத்துப் பாருங்கள். அதற்குமுன் டிக்கெட்டில் 'டெட்லாக் கண்டுபிடிக்கப்பட்டது' என்று எழுதிவிடாதீர்கள்.

இனி சோதனை. டீபக்கரை நம்பி முடிவெடுப்பவர்கள் அந்த டீபக்கரையும் தங்கள் மெஷினிலேயே ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரு சின்ன சி புரோகிராம் போதும்: எட்டு த்ரெட்களை உருவாக்கி, ஒவ்வொன்றும் ஒரு கவுண்டரைக் கூட்டிவிட்டு முடிய, மெயின் எல்லாவற்றையும் ஜாயின் செய்து, கூட்டுத்தொகை சரியென்றால் பூஜ்யத்தோடு வெளியேற வேண்டும்.

முதலில் சிஸ்கால் கட்டளையின் முகவரி தேவை. 'கேட்ச் சிஸ்கால் க்ளோன்3' போட்டு ஓட்டுங்கள். நின்றதும் புரோகிராம் கவுண்டரான பிசியிலிருந்து இரண்டைக் கழித்து 'எக்ஸ்/ஐ' கொடுத்தால், எக்ஸ்86-64-ல் அந்தக் கட்டளை தெரியும். அது இரண்டு பைட் நீளம், கால் நுழைவில் பிசி அதைத் தாண்டி நிற்கும். நிற்கவே இல்லை என்றால் பதற வேண்டாம், வெறும் 'க்ளோன்' போட்டுப் பாருங்கள். 2021-ல் வந்த ஜிலிப்சி 2.34 முதல் பிதிரெட்_கிரியேட் க்ளோன்3-ஐ முதலில் முயல்கிறது. அந்தக் கால் அங்கே இல்லை என்று கெர்னலோ, கன்டெய்னரின் செக்காம்ப் வடிகட்டியோ சொன்னால் பழைய க்ளோனுக்குப் போய்விடுகிறது. ஆக ஒரே பைனரி உங்கள் லேப்டாப்பில் ஒரு பாதையிலும், கன்டெய்னருக்குள் வேறு பாதையிலும் போகும். ஓரிடத்தில் சோதித்துவிட்டு இரண்டுக்கும் சான்றிதழ் கொடுக்காதீர்கள்.

அந்த முகவரியில் ஒரு பிரேக்பாயிண்ட், த்ரெட் ஃபங்ஷனின் தொடக்கத்தில் இன்னொன்று. பிறகு கேட்ச்பாயிண்டை அழித்துவிட்டு முதலிலிருந்து ஓட்டுங்கள். இரண்டாவது பிரேக்பாயிண்ட் சரியாக எட்டு முறை அடிபட வேண்டும், 'இன்ஃபோ பிரேக்பாயிண்ட்ஸ்' அந்த எண்ணிக்கையைக் காட்டும். ஏழு என்று வந்தால், ஒரு த்ரெட் உங்கள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டது. பிறகு இரண்டாவதை எடுத்துவிட்டு, முதல் பிரேக்பாயிண்டுக்கு எப்போதும் பொய்யாகும் நிபந்தனை ஒன்றைக் கொடுங்கள், 'இஃப் 0' போதும். இப்போது ஜிடிபி ஒவ்வொரு முறையும் சத்தமில்லாமல் நின்று, தாண்டி, ஓட வேண்டும். டீபக்கரே இல்லாததுபோல் புரோகிராம் முடிந்து பூஜ்யத்தோடு வெளியேற வேண்டும். என் பார்வையில் இதுதான் எல்லாவற்றிலும் கறாரான சோதனை. மனிதக் கை நடுவில் இல்லாததால், வேகத்தில் மட்டும் வெளிப்படும் கோளாறுகளும் இதில் மாட்டும்.

இதையே டிஸ்ப்ளேஸ்டு ஸ்டெப்பிங் ஆன் செய்து ஒருமுறை, ஆஃப் செய்து ஒருமுறை, ஒரு த்ரெட் நின்றாலும் மற்றவை ஓடும் நான்-ஸ்டாப் முறையில் ஒருமுறை, ஜிடிபிசர்வர் வழியாக ஒருமுறை என்று ஓட்டுங்கள். சர்வர் வழியில் போகும்போது நிபந்தனையை மறுமுனையே கணிக்கும்படி 'பிரேக்பாயிண்ட் கண்டிஷன்-எவால்யுவேஷன்' அமைப்பை 'டார்கெட்' என்று வைத்தும் பாருங்கள். அப்போது தாண்டும் வேலையைச் செய்வது ஜிடிபிசர்வரின் சொந்தக் கோட், ஜிடிபியுடையது அல்ல. எக்ஸிட் காலுக்கும் இதே கதைதான். 'கேட்ச் சிஸ்கால் எக்ஸிட்' மூலம் முகவரியைப் பிடித்து, மேலே சொன்னபடி செய்யுங்கள்.

ஒரு சங்கதி. சிஸ்கால் கட்டளையை நகலெடுக்கும்போது ஜிடிபி அதன் பின்னால் ஒரு வெற்றுக் கட்டளையையும் சேர்த்து எழுதுகிறது. சிஸ்டம் காலுக்குப் பின் கட்டுப்பாடு சிலநேரம் ஒரு கட்டளை தள்ளித் திரும்பக்கூடும் என்பதால், அப்படி ஓடினாலும் கேடு வராத ஒன்று அங்கே இருக்கட்டும் என்ற ஏற்பாடு. அந்தக் கோடை எழுதியவர்களே கெர்னலை முழுதாக நம்பவில்லை. நாம் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா?

ஜிடிபியை நீங்களே பில்ட் செய்பவர் என்றால், அதோடு வரும் சோதனைத் தொகுப்பில் 'ஸ்டெப்-ஓவர்-சிஸ்கால்', 'ஸ்டெப்ஐ-ஓவர்-க்ளோன்', 'ஸ்டெப்-ஓவர்-த்ரெட்-எக்ஸிட்' ஆகியவை இருக்கின்றன. ஓட்டிவிட்டு 'ஃபெயில்' இல்லை என்பதோடு எழுந்து போய்விடாதீர்கள். 'அன்டெஸ்டெட்', 'அன்சப்போர்ட்டெட்' என்று எத்தனை வந்திருக்கின்றன என்று எண்ணுங்கள். கட்டளையைக் கண்டுபிடிக்க முடியாமல் சோதனையே நடக்காவிட்டாலும் மொத்தக் கணக்கு பச்சையாகத்தான் இருக்கும். ஒருமுறை பாஸ் ஆவதும் போதாது. இவை நேரத்தைப் பொறுத்து மாறும் கோளாறுகள். மெஷினுக்குச் சுமை கொடுத்து, திரும்பத் திரும்ப ஓட்டினால்தான் வெளியே வரும்.

கடைசியாக, மிகக் கவலையோடு ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும் வாடிக்கையாளர் சர்வரில் 'ஒரு நிமிஷம் அட்டாச் பண்ணிப் பார்க்கிறேன்' என்று ஜிடிபியைக் கோக்காதீர்கள். அட்டாச் ஆகும் செயலே ஒரு சிக்ஸ்டாப். அதனால் நடப்பிலிருக்கும் சிஸ்டம் காலுக்குத் தேவையில்லாத ஈஇன்டர் வரக்கூடும் என்று ஜிடிபி பயன்படுத்தும் பிட்ரேஸ் சிஸ்டம் காலின் மேனுவல் பக்கமே ஒப்புக்கொள்கிறது. நீங்கள் பேக்ட்ரேஸைப் படித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் எல்லா த்ரெட்களும் உறைந்திருக்கும். குபர்நெட்டிஸில் லைவ்னஸ் ப்ரோப் வைத்து, மற்றதை இயல்பு அமைப்பிலேயே விட்டிருந்தால், பத்து நொடிக்கு ஒருமுறை கேட்டு, தொடர்ந்து மூன்று முறை பதில் இல்லையென்றால் கன்டெய்னரைக் கொன்று புதிதாகத் தொடங்கிவிடும். அரை நிமிடம் மட்டுமே உங்கள் கையில். அட்டாச் ஆகவில்லை என்று லினக்ஸின் யாமா பாதுகாப்புப் பகுதியின் 'பிட்ரேஸ்_ஸ்கோப்' மதிப்பைப் பூஜ்யமாக்கிவிட்டு, அப்படியே மறந்து போகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்குப் பின் அதே பயனர் பெயரில் ஓடும் எந்த புரோசஸும் மற்றொன்றின் மெமரியைத் திறந்து பாஸ்வேர்டைப் படிக்கலாம்.

எஸ்ட்ரேஸ் பாதுகாப்பானது என்றும் நினைக்க வேண்டாம், அதுவும் அதே பிட்ரேஸ்தான். சிஸ்டம் கால்களை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் பெர்ஃப் ட்ரேஸ், பிபிஎஃப்ட்ரேஸ் இருக்கின்றன, இவை த்ரெட்டை நிறுத்துவதில்லை. கோளாறை உங்கள் மெஷினில் மறுபடி வரவைக்க முடியுமென்றால் 'ஆர்ஆர்' கருவியில் பதிவு செய்து, பதிவை முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். அது த்ரெட்களை ஒரு நேரத்தில் ஒன்றாகத்தான் ஓட்டும் என்பதால், எல்லா ரேஸ் கோளாறும் அதில் மாட்டாது. மாட்டினால், எத்தனை முறை ஓட்டினாலும் அதே கதை அப்படியே திரும்ப வரும்.

ஜிடிபி பதிப்பைப் பாருங்கள், ஜிடிபிசர்வர் பதிப்பைப் பாருங்கள், எட்டு த்ரெட் சோதனையை ஓட்டுங்கள், உங்கள் கோடில் ஈபோல்_வெயிட் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடி ஈஇன்டரைக் கையாளுங்கள். இவற்றைச் செய்துமுடிக்கும்வரை, டீபக்கருக்குள் மட்டும் வரும் கிராஷுக்கோ, டீபக்கருக்குள் மட்டும் மறையும் கிராஷுக்கோ உங்கள் குழுவில் யார் மீதும் பழி போடாதீர்கள்.